ஓசை வேறு, ஆற்றல் வேறு

காரைக்கால் கடைத்தெருவிலும் விழிதியூர் போன்ற சிற்றூர்களின் சாலைகளிலும் சில கார்கள் தரையோடு தரையாகத் தாழ்ந்து, சன்னல்கள் அதிரும் ஓசையுடன் செல்வதைக் காண்கிறோம். விற்பனைக்கு வந்தபோது அவை அவ்வாறு இருப்பதில்லை. ஸ்பிரிங்குகளை மாற்றி உயரத்தைக் குறைக்கின்றனர். இன்ஜினின் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, ‘ஹெடர்’ எனப்படும் வேறொரு குழாய்த் தொகுதியைப் பூட்டுகின்றனர். தந்தையோ தமையனோ வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணமும் இதில் கரைவதுண்டு. ‘வீண் சத்தம்’ என்கின்றனர் பெரியவர்கள். ‘சத்தமன்று, பவர்’ என்கின்றனர் இளைஞர்கள். உண்மை யாது?

ஹெடர் செய்யும் பணி

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்த வாயு வெளியேறுகிறது. தொழிற்சாலை பொருத்தும் வார்ப்பிரும்புக் குழாயில் நான்கு வழிகளும் குறுகிய தூரத்திலேயே கூடிவிடுவதால், ஒரு சிலிண்டரின் புகை மற்றொன்றின் புகைக்கு இடையூறாகிறது. ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏறத்தாழச் சம நீளமுள்ள தனிக் குழாய் உண்டு. அவை சற்றுத் தொலைவு சென்றே ஒன்றுகூடும். அந்தச் சந்திப்பை அடையும் அழுத்த அலை, அங்கிருந்து உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். வால்வு மூடும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதிய காற்றுக்கு இடம் தரும்.

இது மெய்யான அறிவியலே. ஆனால் அலை எப்போது திரும்பும் என்பதைக் குழாயின் நீளமே நிர்ணயிப்பதால், ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் முழுப் பயன் கிட்டும். பந்தய ஹெடர் உயர் வேகத்திற்கென அளவிடப்பட்டது. கடைத்தெருவில் இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும் காருக்கு அது இழுவையைக் குறைக்கவும் கூடும். கூடுவது பெரும்பாலும் ஓசை மட்டுமே.

அதற்குரிய களம்

இக்கலைக்குத் தமிழகத்தில் மதிப்புமிக்க வரலாறு உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் உருவாயிற்று. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி இன்ஜினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார் வடித்து, பல இளைஞர்களுக்கு அத்துறையின் கதவைத் திறந்தார். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரரே. அங்கே ஹெடர் ஒரு கருவி. தலைக்கவசம், மருத்துவர், தீயணைப்பு ஏற்பாடு ஆகியவற்றோடு அது பயன்படுகிறது.

நம் சாலையில் நிகழ்வது

நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 165 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் எஞ்சுவது 125. ஹெடரின் சந்திப்பு அதற்கும் கீழே தொங்குவதுண்டு. முறையாகக் கட்டப்படும் வேகத்தடையின் உயரமே 100 மில்லிமீட்டர். நால்வர் ஏறி அமர்ந்தால் குழாய் உரசாமல் தப்புவது அரிது. ஒவ்வோர் உரசலும் இன்ஜினோடு பூட்டிய போல்ட்டுகளையும் கேஸ்கட்டையும் தளர்த்துகிறது. உப்புக் காற்று மலிவான இரும்புக் குழாயைத் துருவாக அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீர், கொதிக்கும் குழாயில் தெறித்தால் பற்றவைப்புகள் விரிசல் காணலாம்.

சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து, பயற்றுச் செடிகளைச் சாலையில் பரப்பி வாகனங்கள் ஏறிச் செல்ல விடும் வழக்கத்தை டெல்டாவில் அறியாதவர் இல்லை. உலர்ந்த கொடி, தாழ்ந்த காரின் சூடேறிய குழாயில் சுற்றிக்கொண்டால் தீப்பற்றும் அபாயம் உண்டு.

இவை அனைத்தினும் கொடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இன்ஜினருகே கேஸ்கட் கசிந்தால் அந்நஞ்சு காருக்குள் புகக்கூடும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நிறுத்திய காரில் குளிர்சாதனத்தை இயக்கி உறங்குவோர் தலைவலியும் மயக்கமும் கண்டு, விழிக்காமலே போகலாம். இன்றைய கார்கள் பலவற்றில் புகையைத் தூய்மைப்படுத்தும் ‘கேட்டலிடிக் கன்வெர்ட்டர்’ முதற்குழாயோடு இணைந்தே இருக்கிறது. ஹெடரைப் பூட்டுகையில் அதுவும் அகற்றப்பட்டால், நச்சுப் புகை வடிகட்டப்படாமல் தெருவில் நிற்கும் குழந்தைகளின் மூச்சில் கலக்கிறது.

சட்டம் சொல்வது

தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ பெறலாம். ஓசை, புகை விதிகளை மீறி ஓட்டுவோருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. புதிய பயணிகள் காருக்குத் தயாரிப்பு நிலையில் 2005 முதல் விதிக்கப்பட்ட ஓசை வரம்பு 74 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். நள்ளிரவில் அதைத் தாங்குபவர் அண்டை வீட்டு நோயாளியும் கைக்குழந்தையுமே. விபத்து நேர்ந்தால், தெரிவிக்கப்படாத மாற்றத்தைச் சுட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

ஹெடர் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தால், பழைய குழாயையும் கன்வெர்ட்டரையும் மீண்டும் பொருத்தச் செய்யுங்கள். புதிய கேஸ்கட் இட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் படிப்படியாக முடுக்கி, கசிவு இல்லையெனச் சோதித்துப் பெறுங்கள். தாழ்ந்த காரை ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பித் தூக்கி, அடியில் படுப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். உறுதியான தாங்கிகள் கட்டாயம் வேண்டும்.

இன்ஜினின் மீது பிள்ளைக்குள்ள ஆர்வத்தை ஏசி அடக்குவது பயன் தராது. புகைக்குழாயின் நீளத்தைக் கணக்கிட விழையும் மூளை, ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ ஆட்டோமொபைல் பயின்றால் குடும்பத்தைத் தாங்கும் தொழிலாக மலரும். குழாய்க்கென ஒதுக்கிய பணத்தை அக்கல்விக்குச் செலவிடலாம்.