வாழை இலைக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?

போன நோன்புல, நாகூர் வீட்டுல கஞ்சிச் சட்டி சாய்ஞ்சு உம்மாவோட கை வெந்துபோச்சு. புண்ணை விட, ஒட்டிப்போன காஸ் துணியைப் பிரிக்கும்போதுதான் அலறினாங்க.

புண்ணைக் காய விடணும்னு நினைக்கிறோம்ல? 1962-லயே ஜார்ஜ் வின்டர் பன்றிகளோட காயத்தை பாலித்தீனால மூடிப் பார்த்தார். ஈரமா இருந்தா புதுத் தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா மூடுது. வறண்டுட்டா செல்கள் பொருக்குக்கு அடியில வழி தேடி நகரணும். விலை கூடின ஹைட்ரோகாலாய்டு கட்டுகள் செய்யறதும் இந்த ஈரத்தைக் காப்பாத்துறதுதான்.

மும்பை டாக்டர்கள் 2003-ல வெளியிட்ட ஆய்வுகள்ல அதுக்கு வாழை இலை! மெழுகுப் பூச்சு, ஒட்டாது, பிரிக்கும்போது வலி குறைவு. உடனே கொல்லைக்கு ஓடாதீங்க, அது ஆட்டோகிளேவ்ல கிருமி நீக்கின இலை. வீட்டுல முதல்ல செய்ய வேண்டியது 20 நிமிஷம் குழாய்த் தண்ணி. அன்னிக்கு நான் தடவினது டூத்பேஸ்ட்.