தென்னை ஏறும் கருவி: வாங்குமுன் ஒரு கணக்கு

தென்னந்தோட்டம் வைத்திருப்போரும் தேங்காய் வியாபாரிகளும் அடிக்கடி சொல்லும் குறை, "மரமேற ஆளில்லை" என்பதே. பறிப்பு பிந்தினால் தேங்காய் தானாக விழும். விழுந்ததில் கொஞ்சம் முளைத்துவிடும், கொஞ்சம் களவு போகும். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த வாக்கும் தவறும். இதனால் தோளில் கொண்டுபோகக்கூடிய மரமேறும் கருவியை வாங்க நம்மவர் பலர் விரும்புகின்றனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கருவிகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதலாவது நின்று ஏறுவது. கேரளாவின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவானதால் அதைச் செம்பேரி மாதிரி என்பர். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிவரும் கம்பிக் கயிறு இருக்கும். ஒரு காலில் பாரத்தைக் கொடுத்தால் அந்தக் கயிறு மரத்தை இறுக்கிப் பிடிக்கும். அப்போது மற்றச் சட்டத்தை மேலே தூக்கலாம். இரண்டாவது அமர்ந்து ஏறுவது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாதிரி இவ்வகையே. புதியவருக்குப் பயம் குறைவு, ஆனால் பாரமும் இடமும் அதிகம்.

இனி கணக்கு. 26 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 64 மரம். 5 ஏக்கருக்கு 320 மரம். இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு என்றால் வருடத்தில் 1,920 தடவை ஏற வேண்டும். மரத்துக்கு 100 ரூபா கூலி என்று வைத்தால் 1,92,000 ரூபா. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பாருங்கள். கருவி வாங்கினாலும் ஏறுபவருக்குக் கூலி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தளைநார் போட்டு ஏறும் பழக்கப்பட்டவரைவிடக் கருவி வேகமானதல்ல. ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்ற நேரம் போகும். சாய்ந்த மரத்துக்கும் மிளகுக்கொடி படர்ந்த மரத்துக்கும் அது உதவாது. கொக்கத்தடி எட்டும் மரத்துக்கு அது தேவையுமில்லை. அதன் இலாபம் வேகத்திலல்ல. பரம்பரையாக ஏறாதவரும் பழகி ஏறலாம் என்பதே அதன் இலாபம். இந்தியத் தென்னை வளர்ச்சிச் சபை 2011இல் கேரளாவில் தொடங்கிய "தென்னை மர நண்பர்கள்" திட்டத்தில் பெண்களும் பயிற்சி பெற்றனர். அங்கே கருவியோடு பயிற்சியும் காப்புறுதியும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. நாம் கருவியை மட்டும் வாங்கினால் அது களஞ்சியத்தில் துருப்பிடிக்கும்.

கருவி காலுக்கு மட்டுமே பிடி. கால் வழுக்கினால் தாங்குவது இடுப்புப் பட்டிதான். மின்கம்பத்தில் வேலை செய்பவர் கட்டுவது போல, மரத்தைச் சுற்றிய கயிற்றோடு பட்டியை இணைக்க வேண்டும். வட்டுக்குப் போனதும் பட்டியைச் சரிபார்த்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். பட்டி இல்லாமல் கருவி விற்பவரிடம் வாங்காதீர்கள். மழையில் நனைந்த மரத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.

வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது, நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. சட்டம் ஒருபுறம் இருக்க, நமக்காக மரமேறுபவரின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். ஆகவே காப்புறுதிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சிறு தோட்டக்காரருக்குத் தனியாக வாங்குவது கட்டாது. பக்கத்துத் தோட்டக்காரர் நான்கைந்து பேர் பங்கு போட்டு ஒரு கருவியும் இரண்டு பட்டியும் வாங்கி, ஊர் இளைஞர் இருவரைப் பழக்கி, பறிப்பு நாட்களை முறைவைத்துக் கொடுக்கலாம். அவர்களுக்கு மாதம் முழுவதும் தொழில், உங்களுக்கு நேரத்துக்குத் தேங்காய். காசு கொடுக்குமுன் கருவியை உங்கள் தோட்டத்து மரத்திலேயே ஏறிக்காட்டச் சொல்லுங்கள்.