தனிமனிதனும் தாய்வீடும்

விமர்சகர் தள்ளிய நூலை வாசகர் தலைமேல் வைத்துப் போற்றுவதும் உண்டு. அயன் ராண்ட் அம்மையாரின் நாவல்கள் அத்தகையவை.

ருஷ்யாவில் 1905-இல் பிறந்து, 1926-இல் அமெரிக்காவில் குடிபுகுந்தவர் இவர். பன்னிரண்டு பதிப்பகத்தார் மறுத்த பின்னரே 'தி பவுண்டன்ஹெட்' 1943-இல் வெளிவந்தது. அதன் நாயகன் ஹோவர்ட் ரோர்க் ஒரு கட்டிடக் கலைஞன். தான் வகுத்த அமைப்பைப் பிறர் சிதைத்துவிட்டனர் என்பதற்காக, ஏழை மக்களுக்கென எழுந்த குடியிருப்பையே வெடிவைத்துத் தகர்க்கிறான்; நீதிமன்றத்தில் தன் உரிமையை எடுத்துரைத்து விடுதலையும் பெறுகிறான். ஒருவர் சொல்ல மற்றொருவர் படித்தே இந்நூல் புகழ் பெற்றது.

ஆற்றல் மிக்கோர் வேலைநிறுத்தம் செய்தால் உலகம் என்னாகும் என்று வினவும் 'அட்லஸ் ஷ்ரக்ட்' 1957-இல் வந்தது. பொதுவுடைமையை எதிர்த்தவரான விட்டக்கர் சேம்பர்ஸே அதனைக் கடுமையாகச் சாடினார். ஆலன் கிரீன்ஸ்பான் என்ற இளம் பொருளியலாளரோ, நியூயார்க் டைம்ஸ் ஏட்டுக்குக் கடிதம் எழுதி ஆதரித்தார். பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைமையை 1987 முதல் 2006 வரை வகித்தவர் அவரே. 2008-இன் நிதி நெருக்கடியின்போது, தாம் நம்பிவந்த கோட்பாட்டில் ஒரு குறை கண்டதாக அவர் அமெரிக்கக் காங்கிரஸின் முன் ஒப்புக்கொண்டார்.

இந்த முரண் 1998-இலும் வெளிப்பட்டது. 'மாடர்ன் லைப்ரரி' பதிப்பகத்தின் அறிஞர் குழு தொகுத்த இருபதாம் நூற்றாண்டின் நூறு நாவல்களுள் இவ்விரண்டுக்கும் இடமில்லை. வாசகர் வாக்கெடுப்பிலோ முதல் இரண்டு இடங்களும் இவற்றுக்கே கிடைத்தன.

இளைஞர் இந்நூலில் மயங்குவது ஏன்? பிறர் மெச்சுவதற்காக வாழாதே என்னும் குரல், வாழ்வின் வாசலில் நிற்பவருக்கு இனிக்கவே செய்யும். மூத்தோர் சினப்பதும் இயல்பே. ரோர்க்குக்குப் பெற்றோர் இல்லை. பேணவேண்டிய குழந்தைகளும் இல்லை. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பி, தங்கையின் திருமணத்தைத் தன் தோள்மீது சுமக்கும் பிள்ளைக்கு அவன் கூறும் விடை யாது? அன்புடையார்க்குச் செய்வது தியாகமே ஆகாது, அது தன் விருப்பத்தின் நிறைவே என்பது அம்மையாரின் வாதம். விரும்பிச் செய்வதற்கு அது பொருந்தும். கடமையென்று மட்டும் செய்வதற்கு அவரிடம் மதிப்பில்லை. நம் குடும்பங்களோ அவ்விரண்டையும் பிரித்துப் பார்த்துப் பழகியவை அல்ல.

ஆயினும், பெற்றோர் உற்றுநோக்க வேண்டிய பாத்திரம் ரோர்க் அன்று. அவனுடன் பயின்ற பீட்டர் கீட்டிங். ஓவியனாக விரும்பியவன் அவன். தாயின் வற்புறுத்தலால் கட்டிடக் கலை பயின்று பதவியும் புகழும் அடைகிறான். யாவும் இழந்த பிற்பாடு தான் தீட்டிய சில படங்களை ரோர்க்கிடம் காட்டுகிறான். காலம் கடந்துவிட்டது என்பதே கிடைக்கும் விடை.

ஆதலின், நம் இல்லத்துப் பிள்ளை இந்நூலைக் கையில் எடுத்தால் பறிக்க வேண்டுவதில்லை. பெற்றோரும் படித்துப் பார்த்து, பிள்ளையுடன் அமர்ந்து பேசுவார்களாக. சுற்றத்தைச் சுமையென்று உதறுவது தகாது என்று அவனுக்குச் சொல்லலாம். அவன் உள்ளம் நாடும் தொழில் எதுவென்று அவனையும் கேட்கலாம்.