கயிறு பிடித்தவர்கள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெரியகல்லாற்று மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "தொடர்பாடல் மென்பொருள்கள் ஐந்தின் பெயர் தருக என்றால் தந்துவிடுவேன் சேர். அதில் ஸ்கைப்பை வெட்டிவிடச் சொல்லுகிறார்கள். அது என்ன செய்தது, ஏன் போனது?"

பெயர்கள் அவளிடம் இருப்பதால் வகைகளை மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். போட்டுவிட்டுக் காத்திருப்பது மின்னஞ்சல். 1971இல் ரே டொம்லின்சன் ஒரே அறையிலிருந்த இரண்டு கணினிகளுக்கிடையே அனுப்பிப் பார்த்தது. உடனுக்குடன் எழுதிக் கதைப்பது அடுத்தது: 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐஆர்சி, 1996இல் ஐசிக்யூ, பிறகு யாகூ மெசஞ்சர். குரலும் முகமும் மூன்றாவது. ஸ்கைப் 2003இல் வந்தது.

அதற்கு முன், கட்டாரிலிருந்த அண்ணனோடு பேசக் 'கொமியூனிகேசன்' கடையில் மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் வாய் திறப்போம். ஸ்கைப் வந்தபின் நெற் கபேயில் அம்மா கறிக்கு எவ்வளவு புளி விட வேண்டும் என்பதுவரை சொன்னா.

இவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது? நமது கரைவலையைப் பாருங்கள். வலை கரையேறும்போது சும்மா நின்றவனும் கயிற்றில் கை வைப்பான்; கறிக்கு நாலு மீன் கிடைக்கும். ஸ்கைப்பும் அப்படித்தான். நல்ல வேக இணைப்பும் தடுப்புச் சுவரில்லாத நேரடி முகவரியும் உள்ள பாவனையாளரின் கணினியை அது 'சுப்பர்நோட்' ஆக்கிவிடும். யார் எங்கே இணைப்பில் இருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தேடிக் கொடுப்பது அந்தக் கணினிதான். சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் இது தெரியாது.

2007 ஓகஸ்டில் வின்டோஸ் புதுப்பிப்புக்காக ஏராளமான கணினிகள் ஒரே நேரத்தில் அணைந்து எழுந்தன. எல்லாரும் ஒன்றாகக் கயிற்றை விட்டதுபோல. ஸ்கைப் இரண்டு நாள் படுத்துவிட்டது.

பிறகு கைத்தொலைபேசிக் காலம். சிறிய பற்றரியை வைத்துக்கொண்டு ஊராருக்குக் கயிறு இழுக்க முடியுமா? 2011இல் ஸ்கைப்பை வாங்கிய மைக்ரோசொப்ட் அந்த வேலையைத் தன் சேவையகங்களுக்கு மாற்றியது. வலை முழுக்க ஒருவர் கைக்குப் போனது. 2025 மே 5ஆம் திகதி அந்தக் கை அதைச் சுருட்டி வைத்தது.

எங்கள் கபேக் கணினியின் மெல்லிய இணைப்புக்குச் சுப்பர்நோட் ஆகும் தகுதி இருந்திருக்காது. கயிறு தொடாமலே மீன் வாங்கியிருக்கிறோம். யார் இழுத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்கும் நாம் அப்படித்தான் பழக்குகிறோம். ஐந்து பெயர் எழுதினால் புள்ளி விழும். குரல் எந்த வழியால் போகிறது, வழி யார் கையில் என்பது பாடத்துக்கு வெளியே நிற்கும். தங்கச்சி, ஸ்கைப்பை வெட்டிவிட்டு வாட்ஸ்அப் என்று எழுது, புள்ளி கிடைக்கும். ஒரு விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்க் கயிற்றையும் ஒருமுறை பிடித்துப் பார். பாரம் கைக்குத் தெரிந்தால், வாட்ஸ்அப்பின் கயிறு யாரிடம் என்று நீயே கேட்பாய்.