சாதுவாவும் இருக்கணும், முட்டையும் போடணும்! வீட்டுக்கு ஏத்த கோழி எது?

நெய்யூர்,

"வீட்டுக்குப் பின்னால நாலு கோழி கிடந்தா முட்டைச் செலவு மிச்சம்."

இந்த நினைப்பு வராத வீடு நெய்யூர் பக்கத்தில் இருக்காது. சின்ன வீடானாலும் பின்னால் ஒரு துண்டு விளை இருக்கும். நாலு தென்னை, ஒரு பலா, கிணறு, துவைக்கிற கல். மிஞ்சின சோறு இருக்கும். மீன் கழுவின மிச்சம் இருக்கும். கோழிக்கு வேறு என்ன வேண்டும்?

ஆசை சரிதான். ஆனால் முதல் தடவை வாங்குகிறவர்கள் பலர் கோழியின் குணத்தைப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள்.

பச்சைக் குஞ்சு, நீலக் குஞ்சு

சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கூடை நிறையக் கலர் குஞ்சு வரும். பச்சை, ரோஸ், நீலம். பிள்ளைகள் அழுது அடம் பிடிக்கும். அப்பா நாலு வாங்கிக் கொடுப்பார். மறுவாரம் பார்த்தால் மூன்று செத்திருக்கும். மிஞ்சினது வளர்ந்து "கொக்கரக்கோ" என்று கூவும்!

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. முட்டைப் பண்ணைக்குப் பெட்டைக் குஞ்சு மட்டும்தான் தேவை. குஞ்சு பொரித்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரித்து விடுவார்கள். வேண்டாத சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகின்றன. தாய்ச் சூடும் இல்லை, தடுப்பு மருந்தும் இல்லை. எப்படிப் பிழைக்கும்?

ஆகவே முட்டை வேண்டும் என்கிறவர்கள் அந்தக் கூடைப் பக்கமே போகவேண்டாம்.

வெள்ளைக்கார லெகார்ன்

கோழி வாங்கும் யோசனை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நெய்யூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம் மார்த்தாண்டத்துக்கு. அங்கே 1920-களில், குமரி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், ஒய்.எம்.சி.ஏ. கிராம சீரமைப்பு நிலையம் நடந்தது. நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். ஏழைக் குடும்பத்துக்குக் கையில் நாலு காசு வரட்டும் என்று தேனீப் பெட்டி கொடுத்தார்கள். வெள்ளை லெகார்ன் கோழியையும் பழக்கினார்கள். முட்டையைக் கூட்டாகச் சேர்த்து விற்க ஏற்பாடும் செய்தார்கள்.

மார்த்தாண்டம் தேன் இன்றும் பேர் சொல்கிறது. லெகார்ன்? அது நாமக்கல் பண்ணைக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

இத்தாலி நாட்டுப் பரம்பரை அது. தின்பது குறைவு, முட்டையோ ஏராளம். பண்ணையில் ஒரு கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் போடும். ஆனால் பயந்த சுபாவம். உடம்பு இலேசு. பிள்ளை ஓடிப்போய்த் தொட்டால் படபடவென்று அடித்துக்கொண்டு மதில் மேல் ஏறிவிடும். அடுத்த வீட்டு விளையில் முட்டை போட்டால் சண்டை யாருக்கு? கூண்டுக்கு ராணி, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

நாட்டுக்கோழி போதாதா?

"நம்ம நாட்டுக்கோழிக்கு எது சமம்?" என்று கேட்கிற பாட்டிகள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. சிறுவிடைக் கோழி தானே மேயும், பருந்தைக் கண்டால் ஒளியும், அடை காத்துக் குஞ்சைக் கண்ணாக வளர்க்கும். முட்டைக் கணக்கில்தான் இடிக்கிறது. ஆண்டுக்கு 50 முதல் 80 தான். பத்துப் பன்னிரண்டு போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்புறம் கையை நீட்டினால் கொத்தத்தான் செய்யும்.

சண்டைச் சாதிக்கோழி பார்க்கக் கம்பீரம். கூட இருக்கிற கோழியைச் சும்மா விடாது. முட்டையும் சொற்பம். கருங்கோழியோ மத்தியப் பிரதேசத்து ஜாபுவா சரக்கு. 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கறிக்குக் கிராக்கி. முட்டைக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

கழுத்தில் முடியில்லாத மொட்டைக்கழுத்துக் கோழியையும் சொல்லாமல் விடக்கூடாது. திருவனந்தபுரம் வட்டாரம்தான் இந்தியாவில் அதன் தாய்வீடு என்பார்கள். வெக்கையைத் தாங்கும். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள்!

சாதுவும் முட்டையும்

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

முதல் தடவை வளர்க்கிற குடும்பத்துக்குக் கலப்பினக் கோழிதான் தோது. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது 'கிராமப்ரியா'. புழக்கடையிலேயே ஆண்டுக்கு 200 முட்டையை எட்டும், பழுப்பு முட்டை. அவர்களுடைய 'வனராஜா' உடம்பு பெருத்த ரகம். முட்டை நூறுக்குச் சற்று மேல்தான். கறியும் வேண்டும் என்கிறவர்கள் அதை வாங்கலாம். கேரளத்து மண்ணுத்தியில் உருவான 'கிராமஸ்ரீ' 160 முதல் 180 போடும். பல நிறத்தில் இருப்பதால் நாட்டுக்கோழி மாதிரியே தெரியும்.

சீமைச் சாதியில் கேட்டால் ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ரலார்ப் இரண்டும் அடக்கமான கோழிகள். கனத்த உடம்பு, பறக்காது, பழகினால் கைக்குள் நிற்கும். ஆஸ்ட்ரலார்ப் லேசுப்பட்டதல்ல. ஆஸ்திரேலியாவில் 1922-23-ல் நடந்த போட்டியில் ஆறு கோழிகள் 365 நாளில் 1,857 முட்டை போட்டன!

பி.வி.380 என்ற பழுப்புக் கோழியும் சாதுதான். 280-க்கு மேல் போடும். ஆனால் அது பண்ணைத் தீவனத்துக்குப் பிறந்தது. தினம் 100 கிராமுக்கு மேல் முட்டைத் தீவனம் வைக்கவேண்டும். எச்சில் சோற்றை மட்டும் வைத்துவிட்டு "முட்டை எங்கே?" என்று கேட்டால் கோழி என்ன செய்யும்?

கணக்கு இதுதான். 200 முட்டை போடுகிற கோழி ஐந்து இருந்தால் நாளுக்கு இரண்டு, மூன்று முட்டை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. அதே ஐந்தும் நாட்டுக்கோழி என்றால் நாளுக்கு ஒன்று தேறுவதே கஷ்டம்.

சேவல் வேண்டாம்

சேவல் இல்லாமல் முட்டை போடாது என்பது தவறு. பெட்டை பாட்டுக்குப் போடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. அந்த முட்டை சீக்கிரம் கெடவும் கெடாது. முதுகில் ஏறிக் கொத்துகிற சேவலைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏன் வைக்கவேண்டும்?

இரண்டு மாதக் குஞ்சாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குவது நல்லது. பிறகு வந்து சேருகிற கோழியைப் பழைய கோழிகள் கொத்தி ஒதுக்கும். ஐந்தரை, ஆறு மாதத்தில் முட்டை கேட்கலாம். அதற்கு முன் கேட்கக்கூடாது!

"நாலே மாசத்துல முட்டை போடும், கொண்டு போங்கக்கா" என்று சந்தையில் சொன்னால் நம்பவேண்டாம். "தடுப்பூசி போட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. மருந்து கிடையாது, தடுப்பு மட்டுமே உண்டு. பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் ஊசி. மாட்டாஸ்பத்திரியில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

அடுத்த எதிரி ஈரம். குமரிக்கு இரண்டு மழை. கூட்டில் போட்ட உமியோ மரத்தூளோ நனைந்து கட்டி தட்டினால் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியாவது இடம் வேண்டும். நெருக்கி அடைத்தால் எந்தச் சாதுக் கோழியும் ஒன்றையொன்று கொத்தும். கீரிக்கும் மரநாய்க்கும் பயந்து கம்பி வலை நெருக்கமாக இருக்கட்டும்.

வீட்டில் மரச்சீனி அவிக்கிறவர்கள் பச்சைத் தோலைக் கோழிக்குக் கொட்டக்கூடாது. அதில் விஷம் இருக்கிறது. முட்டை ஓடு கெட்டியாக வேண்டுமா? குளச்சல் கடற்கரையில் கிடக்கிற கிளிஞ்சலை இடித்து ஒரு சிரட்டையில் வைத்தால் போதும். கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும்.

பிள்ளைகள் கோழியைத் தூக்கிக் கொஞ்சட்டும். சின்னதிலிருந்தே கையில் தீனி கொடுத்தால் கூப்பிட்டதும் ஓடிவரும். கொஞ்சி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது தாயார் பொறுப்பு.

கொண்டுவந்த அன்றே விளையில் திறந்துவிடக்கூடாது. ஒரு வாரம் கூட்டிலேயே கிடக்கட்டும். அதற்குப் பிறகு பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்தால், இருட்டுக்கு முன் தானே கூட்டுக்குத் திரும்பும்.