இரண்டு மருந்து, ஒரே மாத்திரை

"டாக்டர் ரெண்டு மருந்த ஒண்ணா சேர்த்த மாத்திரை கொடுத்திருக்காரு. அப்படின்னா எனக்கு ரத்தக் கொதிப்பு முத்திப் போச்சாம்மா?" கலந்துரையாடலின்போது தொலைபேசியில் அழைத்த ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டவர்தான். அம்மாவின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முத்திப் போனதாக அர்த்தமில்லை. இப்போது பலருக்குச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே இரண்டு மருந்து கொடுக்கிறார்கள். இயன்றால் அவற்றை ஒரே மாத்திரையாகக் கொடுப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியும் சொல்கிறது. மலேசியாவில் 2023இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 10 பேருக்கு 3 பேர் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி அல்ல.

சரி, ஒரே மருந்தின் அளவைக் கூட்டினால் போதாதா? அழுத்தத்தைக் குறைக்கப் போனால் உடம்பு சும்மா இருப்பதில்லை. நீர் மாத்திரை, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. உடனே சிறுநீரகம் பதறி, ரெனின் என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. முன்வாசலில் விரட்டிய பூனை பின்வாசலில் நுழைந்த கதைதான். பெரிண்டோபிரில், லோசார்ட்டான் போன்றவை அந்தப் பின்வாசலை அடைக்கும் மருந்துகள். அம்லோடிபின் வேறு வழியில் ரத்தக் குழாய்த் தசைகளைத் தளர்த்துகிறது. அதன் அளவு கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். 'பிரில்' அல்லது 'சார்ட்டான்' என்று முடியும் மருந்து ஒன்றைக் கூடச் சேர்த்தால் அந்த வீக்கம் குறைவதும் உண்டு. 2009இல், 42 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது அழுத்தத்தை ஏறக்குறைய 5 மடங்கு கூடுதலாகக் குறைக்கிறது என்று தெரிந்தது.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்க முடியாது. 'பிரில்' வகையையும் 'சார்ட்டான்' வகையையும் ஒருவருக்கே கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகத்திற்குக் கெடுதல்தான் அதிகம்.

இனி அம்மா கதை. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி அம்லோடிபின் 10 மில்லிகிராம் வாங்கிச் சாப்பிட்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு தனியார் டாக்டர் ஒருவர் கூட்டு மாத்திரைக்கு மாற்றினார். பழைய அட்டைகள் மைலோ டின்னில் பத்திரமாக இருந்தன. வீணாகப் போகக்கூடாதே என்று அம்மா இரண்டையும் விழுங்கியிருக்கிறார். கூட்டு மாத்திரைக்குள்ளேயும் அம்லோடிபின் 10 மில்லிகிராம் இருந்தது. அந்த மருந்துக்கு ஒரு நாளின் உச்ச அளவே 10தான். இரண்டு வாரத்தில் கால் வீங்கி, தலை சுற்றி, குளியலறையில் விழுந்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. "அது கவர்மெண்டு மருந்து, இது டாக்டர் மருந்துன்னு நெனச்சேன்மா" என்றார். தொலைக்காட்சியில் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் மகள், சொந்த வீட்டு மைலோ டின்னைத் திறந்து பார்க்கவில்லை.

ஆகவே பெட்டியைக் கையில் எடுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கீழே சிறிய எழுத்தில் இருப்பவைதான் மருந்துகள். எக்ஸ்ஃபோர்ஜ் என்ற பெட்டியில் 5/160 என்று இருந்தால், அம்லோடிபின் 5 மில்லிகிராம், வால்சார்ட்டான் 160 மில்லிகிராம் என்று பொருள். அதே பெயர்களில் ஒன்று வீட்டிலுள்ள வேறு அட்டையிலும் இருந்தால், அடுத்த வேளை விழுங்குவதற்கு முன் மருந்தாளரிடம் கேளுங்கள். ஆனால் கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

கூட்டு மாத்திரையில் குறையும் உண்டு. 'பிரில்' வகையால் விடாத வறட்டு இருமல் வந்தால், முழு மாத்திரையையும் மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 'பிரில்', 'சார்ட்டான்' இரண்டுமே கருவிலுள்ள குழந்தைக்கு ஆபத்து. மூட்டுவலிக்கென்று நாமாகவே கடையில் வாங்கும் இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டும். மேற்சொன்ன மருந்துகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

அம்மாவின் மருந்துப் பட்டியல் இப்போது அவர் மைகார்டோடு கைப்பையில் இருக்கிறது. எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார். பழைய அட்டைகளை அரசாங்க கிளினிக்கின் மருந்து முகப்பிலேயே திருப்பிக் கொடுத்தோம். "அவ்வளவும் காசாச்சே" என்று வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.