ஹெல்சிங்கி–டோக்கியோ: ஒரே தூரம், வேறு நேரம்

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு நேர்தூரம் ஏறக்குறைய 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரை ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது 13 மணி நேரம் வரை பிடிக்கிறது. ஊர்கள் நகரவில்லை, விமானத்தின் வேகமும் குறையவில்லை. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. நடுவே பரந்து கிடக்கும் சைபீரியாவைத் தொடாமல் போவதென்றால், தெற்கே இறங்கி காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா என்று சுற்ற வேண்டும். இல்லையேல் வடதுருவத்தைத் தாண்டி, அலாஸ்காவை ஒட்டிய பெரிங் நீரிணை வழியாக இறங்க வேண்டும். இந்த வழி ஏறக்குறைய 13,000 கி.மீ. ஆகவே இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டியதும் இணையம் காட்டும் கிலோமீட்டர், உருண்டைப் பூமியின் வடிவியல் கணக்கு மட்டுமே. பயண நேரத்தை அதிலிருந்து வகுத்தெடுக்க முடியாது.

போர்க்காலத்தை வைத்துப் பொது விதி சொல்லலாமா என்று கேட்கலாம். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. பனிப்போர்க் காலத்திலும் மேற்கத்திய நிறுவனங்கள் பலவற்றுக்கு சோவியத் வானம் எட்டாக்கனிதான்; ஜப்பானுக்குப் போகும் விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. 1983-இல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் ஒரு டிசி-10 விமானத்தைத் துருவத்தின் மேலாக டோக்கியோவுக்கு இடைநில்லாமல் ஓட்டியது. அன்றைக்கும் ஏறக்குறைய 13 மணி நேரம்! சைபீரியா தாராளமாகத் திறந்திருந்த சில பத்தாண்டுகளைத்தான் விதிவிலக்கு என்று சொல்லத் தோன்றுகிறது. இன்றும் சீன நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளித் தடை இல்லை. சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே, எந்த நாட்டு விமானத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தே பயணம் நீள்கிறது, குறைகிறது.

வானம் முழுக்கத் திறந்திருந்தாலும் காற்று சும்மா விடாது. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வேகக்காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். போகும்போது தள்ளிவிடுவதை வரும்போது தடுத்து ஈடுகட்டிவிடும், கணக்கு நேராகிவிடும் என்பார்கள். ஆகாது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 7,800 கி.மீ. போக 8 மணி 40 நிமிடம். போய்வர 17 மணி 20 நிமிடம். வழிநெடுக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் போக 7 மணி 48 நிமிடம், திரும்ப 9 மணி 45 நிமிடம். கூட்டினால் 17 மணி 33 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் கழிவதால் 13 நிமிடம் நஷ்டம். அதனால்தான் விமானிகள் காற்று சாதகமாக உள்ள பாதை நீளமானாலும் அதையே நாடுகிறார்கள். அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும் சேர்த்தி என்பது தனி.

வான்வெளி மூடியதால் வந்த நேர வித்தியாசம் பயணிகளின் அலுப்போடு போவதில்லை. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு ஹெல்சிங்கிதான் குறுக்குவழி என்று சொல்லியே ஃபின்ஏர் பல ஆண்டுகள் வியாபாரம் செய்தது. குறுக்குவழி அடைபட்ட 2022-லேயே அந்த நிறுவனம் டல்லஸ், சியாட்டில், மும்பை என்று புதிய தடங்களுக்கு விமானங்களைத் திருப்பிவிட்டது.